ஏபல் டாஸ்மன் கடற்கரை: நடந்தும் கயாக் என்ற துடுப்புப் படகிலும் சுற்ற நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்தக் கடற்கரை எங்கே இருக்கிறது? எப்படிப் போய்ச் சேர்வது?

நியூசிலாந்தின் தென் தீவில், வடக்கு ஓரத்தில் இருக்கிறது. அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களில் பரப்பளவில் இதுதான் மிகச் சிறியது. பக்கத்து நகரம் நெல்சன். அங்கே விமான நிலையம் உண்டு. வெலிங்டனிலிருந்து கப்பலில் வருபவர்கள் பிக்டனில் இறங்கி, சாலை வழியாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்து நெல்சன் வரவேண்டும். நெல்சனிலிருந்து மொட்டுவேக்கா வழியாகத் தெற்கு வாசலான மரஹாவ் ஊருக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். வழியில் பிரியும் கைட்டெரிட்டெரியிலிருந்தும் படகுகள் புறப்படுகின்றன.

பெரிய கடைகள் மொட்டுவேக்காவோடு முடிந்துவிடும். அரிசி, பருப்பு, ரொட்டி, அடுப்புக்கான கேஸ் குப்பி எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது.

மணல் ஏன் இப்படிப் பொன்னிறமாக இருக்கிறது?

இந்தக் கரை முழுக்கக் கருங்கல் பாறை. அது மழையிலும் காற்றிலும் சிதைந்து, இரும்புக் கறை படிந்த குருமணலாகக் கடலுக்கு வருகிறது. பக்கத்திலுள்ள டாக்கா மலையோ பளிங்குக்கல் மலை. அங்கே குகைகளும் ஆழ்குழிகளும்தான் அதிகம். மலைச் சாலையில் வரும்போதே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடைகளின் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்கும். அது அழுக்கு இல்லை, இலைதழைகளின் துவர்ப்புச் சத்து கலந்த நிறம்.

மொத்தம் எவ்வளவு தூரம் நடக்கவேண்டும்?

கடற்கரை நடைபாதை 60 கிலோமீட்டர். தெற்கே மரஹாவில் தொடங்கி வடக்கே வைனுயியில் முடிகிறது. மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் பாதை இல்லை இது. அதனால் திரும்பி வர வண்டியோ படகோ முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும்.

இரவு தங்கக் குடில்கள் உள்ள இடங்களுக்கு இடையிலான தூரம் இது. மரஹாவிலிருந்து ஆங்கரேஜ் 12.4 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். ஆங்கரேஜிலிருந்து பார்க் பே, கடல் வற்றியிருக்கும்போது கழிமுகத்தைக் குறுக்கே கடந்தால் 8.4 கிலோமீட்டர், ஏறியிருக்கும்போது சுற்றிப்போனால் 11.5 கிலோமீட்டர். பார்க் பேயிலிருந்து அவரோவா 13.5 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். அவரோவாவிலிருந்து ஃபரிஃபராங்கி 16.9 கிலோமீட்டர், இதுதான் நீண்ட நாள். கடைசியாக வைனுயி வாகன நிறுத்தத்துக்கு 5.7 கிலோமீட்டர்.

ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் பாதை அகலமானது, சீராகப் பராமரிக்கப்படுவது. ஊரில் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவர், முதுகில் 10 கிலோ பையோடு சில வாரம் பழகினால் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் தெற்குப் பாதியை மட்டும் நடந்து, மீதியைப் படகில் பார்ப்பது நல்லது.

பயணத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? விமான டிக்கெட்டா, தங்குமிடமா?

கடலின் ஏற்ற வற்ற அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் இங்கே கெட்டுப்போகும் பயணங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் கெடுகின்றன.

இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்டம் நான்கு மீட்டர் வரை மாறும். காலையில் படகு மிதந்த இடம் மதியம் வெறும் மணல்வெளியாகக் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு மிக அதிகம்; அஷ்டமியை ஒட்டிய நாட்களில் குறைவு. வீட்டு நாள்காட்டியைப் பார்த்தே அந்த வாரத்தின் போக்கை ஊகித்துவிடலாம். ஆனால் மணிக் கணக்குக்கு நெல்சன் துறைமுக அட்டவணைதான் வேண்டும்.

முக்கியமான இடம் அவரோவா கழிமுகம். அதற்கு மாற்றுப்பாதையே கிடையாது. முழு வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிலிருந்து இரண்டு மணி நேரம் பின்பு வரை மட்டும்தான் கடக்கலாம். அதாவது வற்றம் காலை 10.40 என்றால், 9.10 முதல் 12.40 வரை. மறுநாள் வற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும், 11.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் போட்டபிறகுதான் எந்த இரவு எந்தக் குடிலில் என்று முடிவு செய்யவேண்டும். அவரோவா குடில் கழிமுகத்தின் தென்கரையிலேயே இருப்பதால், அங்கே ஒரு இரவு தங்கிக் காலையில் கடப்பது வசதி. வற்றம் அதிகாலை ஐந்து மணிக்கு வந்தால் ஏழு மணிக்குள் கடந்தாகவேண்டும். அதற்கு வெளிச்சம் வருவதற்குள் பை கட்டித் தயாராக இருக்கவேண்டும்.

இன்னொரு கண்ணி: செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நியூசிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். உங்கள் கையிலுள்ள அட்டவணையில் அந்த ஒரு மணி நேரம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கப்படவில்லை என்றால் நீங்களே கூட்டிக்கொள்ளவேண்டும்.

கழிமுகத்தைக் கடக்கும்போது எப்படி இருக்கும்?

முழு வற்றத்திலும் நடு ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கலாம். மழை பெய்திருந்தால் இன்னும் கூடும். ஷூவைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு வெறுங்காலில் இறங்காதீர்கள். அடியில் உடைந்த சிப்பி ஓடுகள் நிறைய; பாதத்தைக் கிழித்துவிடும். பின்வார் உள்ள சாண்டலோ பழைய கேன்வாஸ் ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு கழன்றுவிடும். எதிர்க்கரையிலுள்ள ஆரஞ்சு நிற அடையாளங்களைப் பார்த்து நடங்கள். அவசரமில்லாமல் நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம்.

நேரம் தவறிவிட்டால் காத்திருங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ‘இடுப்பளவுதானே’ என்று இறங்குவது ஆபத்து. கழிமுகத்துக்குள் வரும் நீரோட்டம் வேகமானது, முதுகில் பை வேறு இருக்கும்.

ஆங்கரேஜ் அருகிலுள்ள டொரண்ட் பேயிலும் பார்க் பேயிலும் வற்றத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு மணி நேரம் குறுக்கே கடக்கலாம். அங்கே எப்போதும் நடக்கக்கூடிய சுற்றுப்பாதையும் இருக்கிறது. டொரண்ட் பேயில் நேரம் இருந்தால் வேண்டுமென்றே சுற்றுப்பாதையில் போங்கள்: அதிலிருந்து பிரியும் கிளைப்பாதையில் கிளியோபாட்ரா குளம் இருக்கிறது. ஆற்றுப் பாறை வழவழவென்று தேய்ந்து இயற்கையான சறுக்குமரமாகியிருக்கிறது. தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்கும்.

தங்குவதற்கு என்ன வழி?

பாதையில் நான்கு குடில்கள்: ஆங்கரேஜ் 34 படுக்கை, பார்க் பே 34, அவரோவா 26, ஃபரிஃபராங்கி 20. கடைசியில் சொன்னது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய பண்ணை வீடு. இவை தவிரக் கூடாரம் போடும் இடங்கள் நிறைய. எல்லாவற்றுக்கும் ஆண்டு முழுவதும் முன்பதிவு கட்டாயம். டிஓசி எனப்படும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் செய்யலாம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் உள்ளூர் பள்ளி விடுமுறை. அந்த நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

குடிலில் மெத்தை உண்டு, கழிப்பறை உண்டு, குளிருக்குக் கணப்பு உண்டு. சமையல் அடுப்பு கிடையாது, பாத்திரமும் கிடையாது. நியூசிலாந்தின் வேறு புகழ்பெற்ற நடைபாதைகளில் குடிலுக்குள் கேஸ் அடுப்பு இருப்பதைப் படித்துவிட்டு இங்கே வெறுங்கையோடு வருபவர்கள் உண்டு. இரவு ஊறவைத்த அவலைத்தான் சாப்பிடவேண்டியிருக்கும். சிறிய கேஸ் அடுப்பு, ஒரு லிட்டர் பாத்திரம், லைட்டர், தூங்கும் பை, தலைவிளக்கு ஆகியவை உங்களுடையதாக இருக்கவேண்டும். வடிகட்டிய தண்ணீர் என்று பலகை இல்லாத இடத்தில் கொதிக்கவைத்தே குடியுங்கள். குப்பைத் தொட்டி எங்கும் இல்லை. கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப்போக ஒரு உறுதியான பை வையுங்கள்.

நம் ஊர் உணவு கொண்டுபோகலாமா?

நாட்டுக்குள் நுழையும்போது வருகைப் படிவத்தில் உணவு அத்தனையையும் அறிவிக்கவேண்டும். அறிவித்துவிட்டால், கொண்டுவரக்கூடாத பொருளை எடுத்துக்கொள்வார்களே தவிர அபராதம் விழாது. அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, தேன் எதுவும் வேண்டாம். முன்பு போட்ட மலையேறும் ஷூவையும் கூடாரத்தையும்கூட அறிவிக்கவேண்டும். ஷூ அடியில் மண் ஒட்டியிருந்தால் அதிகாரிகள் சுத்தம் செய்யச் சொல்வார்கள், நேரம் போகும். புறப்படும் முன்பே பழைய பல் துலக்கியால் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

பாதைக்கு ஏற்றவை: அவல், வறுத்த ரவை, சேமியா, வேகவைத்த சாதத்தில் கலக்க பருப்புப் பொடி, நிலக்கடலை. ரவையை இங்கே கடையில் வாங்கி, தங்கும் விடுதியிலேயே கடுகு தாளித்து வறுத்து, ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாக 80 கிராம் கட்டிக்கொண்டால் குடிலில் வெந்நீர் மட்டும் போதும்.

நீச்சல் தெரியாது. கயாக்கில் போகலாமா?

வழிகாட்டியோடு போகலாம். இங்கே பெரும்பாலும் இருவர் அமரும் கடல் கயாக்தான் தருவார்கள். அகலமானது, எளிதில் கவிழாது. உயிர்காப்பு அங்கி கட்டாயம். நீச்சல் தெரியாது என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். மரஹாவிலிருந்து இரண்டாகப் பிளந்த ஆப்பிள் பாறை வரையிலான அரைநாள் பயணம் தொடங்குவதற்கு ஏற்றது. பந்துபோல உருண்ட கருங்கல் நடுவில் பிளந்து நீருக்கு மேல் நிற்கும்.

வழிகாட்டி இல்லாமல் வாடகைக்கு எடுப்பது வேறு விஷயம். பெரும்பாலான நிறுவனங்கள் தனி ஆளுக்குத் தருவதில்லை. பாதுகாப்பு வகுப்பில் உட்காரவேண்டும். ஒனெட்டஹுட்டி கடற்கரைக்கு வடக்கே போகக்கூடாது என்று எல்லை வைப்பார்கள். அந்த எல்லைக்குக் காரணம் உண்டு. அதற்கு அப்பால் கரை திறந்த கடலைப் பார்த்து நிற்கிறது, அவசரத்துக்கு ஒதுங்க இடம் குறைவு. நீச்சல் தெரியாதவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கவேண்டாம்.

கயாக்கில் ஏறும் முன் என்னென்ன பழகவேண்டும்?

முதலில் ஸ்ப்ரே டெக். இடுப்பைச் சுற்றிப் பாவாடைபோல இருக்கும் இந்த மூடி, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிறது. உட்கார்ந்ததும் பின்பக்க விளிம்பை முதலில் மாட்டுங்கள், பிறகு பக்கங்கள், கடைசியில் முன்பக்கம். முன்னால் ஒரு இழுப்பு வார் இருக்கும். அது வெளியே தெரியும்படி இருக்கவேண்டும், உள்ளே மடங்கிவிடக்கூடாது. கவிழ்ந்தால் முன்னால் குனிந்து, அந்த வாரைப் பிடித்து இழுத்து, இரண்டு கையாலும் விளிம்பை உந்தி வெளியே வருவீர்கள். வார் உள்ளே சிக்கிக்கொண்டால் வெளியே வருவது கடினம். கரையில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை செய்து பாருங்கள்.

பின்னால் அமர்பவர் கால்மிதியால் சுக்கானைத் திருப்புவார். முன்னால் அமர்பவர் தாளம் வைப்பார். பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துத் துடுப்புப் போடவேண்டும். மாற்றிச் செய்தால் துடுப்புகள் மோதிக்கொள்ளும். கணவன் மனைவி சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. தோளால் இழுக்காமல் இடுப்பிலிருந்து உடலைத் திருப்புங்கள். துடுப்பைத் தளர்வாகப் பிடியுங்கள். இறுகப் பிடித்தால் மதியத்துக்குள் கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வரும்.

சாமான் ஏற்றும்போது பெரிய பை எதுவும் கயாக்கின் சாமான் அறைக்கான மூடித் துவாரத்தில் நுழையாது. 10 லிட்டர் அளவுள்ள நீர்புகாப் பைகள் பல வேண்டும். தண்ணீர், டின் உணவு போன்ற கனமானவை நடுப்பகுதிக்கு அருகே, அடியில். தலையணை, துணி நுனிகளில். முன்பக்கம் மட்டும் கனத்தால் கயாக் காற்றுக்கு எதிராகத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

எந்த நேரத்தில் துடுப்புப் போடுவது நல்லது?

காலையில். கோடையில் மதியத்தை ஒட்டி வடக்கிலிருந்து கடற்காற்று எழும்பும். காலையில் கண்ணாடிபோலக் கிடந்த நீரில் இரண்டு மணிக்குள் வெள்ளை நுரை தெரியும். எனவே காலையில் வடக்கு நோக்கிப் போய், மதியம் காற்று முதுகில் தள்ளத் தெற்கே திரும்புவது உள்ளூர் வழக்கம். பாறை முனைகளில் அலை மோதித் திரும்பி வந்து எதிர் அலையோடு சேர்ந்து குதிக்கும். அங்கே பாறையை ஒட்டிப் போகாமல் சற்று விலகி, துடுப்பை நிறுத்தாமல் கடந்துவிடுங்கள். துடுப்பு நீரில் இருக்கும்வரை படகு நிலையாக இருக்கும்.

கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருங்கள். அந்தப் பட்டையில் மோட்டார் படகுகள் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். அதற்கு வெளியே ஆட்களை ஏற்றிச் செல்லும் வாட்டர் டாக்ஸிப் படகுகள் வேகமாகப் போகும்.

கயாக்கை இரவில் எங்கே விடுவது?

காய்ந்த கடற்பாசி வரிசைக்கு மேலே, மரத்தில் கயிறு கட்டி. அந்தப் பாசி வரிசைதான் முந்தைய ஏற்றம் தொட்ட எல்லை. மணலில் சும்மா விட்டுவிட்டுத் தூங்கப் போனால், நள்ளிரவு ஏற்றம் எடுத்துக்கொண்டு போய்விடும். துடுப்புகளையும் ஸ்ப்ரே டெக்கையும் உள்ளே வைத்து மூடுங்கள். மஸ்கிட்டோ பே போன்ற சில கூடார இடங்களுக்குக் கடல் வழியாக மட்டும்தான் போகமுடியும். கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வோம்.

வாட்டர் டாக்ஸி என்பது என்ன?

பாதையோரக் கடற்கரைகளில் ஆட்களை இறக்கி ஏற்றும் விசைப்படகு. மரஹாவில் கடல் வெகுதூரம் உள்வாங்குவதால், ஊருக்குள்ளேயே டிரெய்லர் மேல் நிற்கும் படகில் ஏறி உட்காரவேண்டும். டிராக்டர் அதைச் சாலை வழியாக இழுத்துப் போய் மணலில் இறக்கி, தண்ணீர் ஆழமாகும்வரை தள்ளிவிட்டு வரும். வழியில் இறங்கும் இடங்களில் படகுத்துறை கிடையாது. முழங்கால் நீரில் இறங்கி நடக்கவேண்டும். பேண்ட்டை மடித்துவிட்டுத் தயாராக இருங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

படகில் பார்க் பே வரை போய் அங்கிருந்து ஆங்கரேஜுக்கு நடந்து, மாலைப் படகில் திரும்புங்கள். வழியில் ஃபால்ஸ் நதியின் மேல் 47 மீட்டர் நீளத் தொங்குபாலம் வரும். காட்டு ஓடை, கழிமுகம், பொன்மணல் மூன்றும் இந்த ஒரு துண்டில் கிடைத்துவிடும். இரண்டு நாள் இருந்தால், முதல் நாள் கயாக்கில் ஆங்கரேஜ் போய்த் தங்கி, மறுநாள் மரஹாவுக்கு நடந்து திரும்பலாம். கயாக்கை நிறுவனமே எடுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டா என்று முன்பே கேளுங்கள். ஆங்கரேஜில் தங்கினால் பக்கத்துத் தெ புகாட்டியா கடற்கரைக்கு மாலையில் ஒரு நடை போய்வாருங்கள்; பிறைபோல வளைந்த அந்த மணல் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

கடல்நாய்களைப் பார்க்கமுடியுமா?

டோங்கா தீவில் நியூசிலாந்து ரோமக் கடல்நாய்கள் கூட்டமாக வாழ்கின்றன. தீவில் இறங்கக்கூடாது, 20 மீட்டர் விலகியே இருங்கள். குட்டிகள் ஆர்வத்தில் கயாக்கை நோக்கி நீந்தி வரும். துடுப்பை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள், கையை நீட்டாதீர்கள். தீவைச் சுற்றியுள்ள கடல் 1993 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. மீன் பிடிப்பது மட்டுமல்ல, ஒரு சிப்பியை எடுப்பதும் குற்றம்.

பூங்காவின் பெயர் யாருடையது?

1642 டிசம்பரில் டச்சு மாலுமி ஏபல் டாஸ்மனின் கப்பல்கள் வடக்கே வைனுயி அருகே நங்கூரமிட்டன. அங்கே வாழ்ந்த ஙாட்டி டுமட்டகோகிரி மாவோரி மக்களோடு மோதல் நடந்து, டாஸ்மனின் ஆட்கள் நால்வர் இறந்தார்கள். சரியாக 300 ஆண்டு கழித்து 1942இல் பூங்கா தொடங்கப்பட்டது. 1827இல் வந்த பிரெஞ்சுக்காரர் துமோன் துர்வில் தன் கப்பலின் பெயரான அஸ்ட்ரோலேப் என்பதை இங்கே விட்டுச் சென்றார். நெருங்கிய காலத்துச் செய்தி ஒன்று: அவரோவாவில் தனியார் கையிலிருந்த ஒரு கடற்கரை 2016இல் விலைக்கு வந்தபோது, சுமார் 40,000 பேர் சேர்ந்து 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி வாங்கி, பூங்காவோடு சேர்த்தார்கள். அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி, பறவைத் தொல்லை உண்டா?

மணல் ஈ கடிக்கும். கணுக்காலைத்தான் தேடி வரும். விரட்டும் மருந்து பூசுங்கள், மாலையில் முழு சாக்ஸ் போடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குளவிகள் அதிகம். ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தில்லாமல் வரவேண்டாம். வேக்கா என்ற கோழியளவுப் பறக்காத பறவை, வெளியே வைத்த எதையும் தூக்கிக்கொண்டு ஓடும். ஷூவைக் கூடாரத்துக்குள் வையுங்கள்.

வெயில் இவை எல்லாவற்றையும்விடக் கடுமை. மாநிறத் தோல் என்று அலட்சியம் வேண்டாம். இங்கே புற ஊதாக் கதிர் தாக்கம் மிக அதிகம், கயாக்கில் நீரிலிருந்தும் அது திரும்பி வரும். புறங்கை, காது, தொடை மேல்பகுதி மூன்றிலும் மறக்காமல் சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

எந்த மாதம் சிறந்தது?

பிப்ரவரி, மார்ச். கடல் இதமாக இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும். குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் குறைவு, ஆனால் தெளிவான நாட்கள் கிடைக்கும். படகுச் சேவைகள் குறையும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து என்றால் யாரை அழைப்பது?

அவசர எண் 111. ஆனால் கைபேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது. நடப்பவர்கள் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசர ஒலிபரப்பியை நெல்சனில் வாடகைக்கு எடுக்கலாம். கயாக்கில் போகிறவர்கள் கடலிலிருந்து பேச உதவும் விஎச்எஃப் ரேடியோ கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு சேனல் 16. கருவியை மூடித் துவாரத்துக்குள் போடாமல் உயிர்காப்பு அங்கியின் பையிலேயே வையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை விடுதியிலோ நண்பரிடமோ எழுதிக்கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். திரும்பியதும் வந்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தேடத் தொடங்கிவிடுவார்கள்.